அறிக்கையில் பொய் இல்லை, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வேதியியலில் முதுகலை முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆத்தூர் பக்கம் எங்கள் ஊர். அப்பா நான்கு ஏக்கரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுகிறார். நான் சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மாதம் 11,000 ரூபாய்க்கு வேலை செய்கிறேன். இப்போது தாய்மாமா மூலமாக ஒரு ஜவ்வரிசி ஆலையில் தரக்கட்டுப்பாட்டு அலுவலர் வேலை வந்திருக்கிறது. சம்பளம் 26,000. முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். கிழங்கு வரத்து குறையும் மாதங்களில் மக்காச்சோள மாவு கலப்பது உண்டு என்பதையும் அவரே சொல்லிவிட்டார். “நீ பொய் எழுத வேண்டாம் அம்மா. ஈரப்பதம், சாம்பல், அயோடின் சோதனை, இவ்வளவுதான் படிவத்தில் இருக்கும். வருகிற அளவை அப்படியே எழுது” என்றார். அந்தப் படிவத்தின் தலைப்பில் ‘தூய மரவள்ளி ஜவ்வரிசி’ என்று அச்சாகியிருக்கிறது. மக்காச்சோளம் என்ன விஷமா என்று கேட்கிறார் மாமா. நீ போகாவிட்டால் வேறொருத்தி போகப்போகிறாள் என்கிறார் அம்மா. தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது, அப்பாவுக்குக் கூட்டுறவுச் சங்கக் கடன் இருக்கிறது. கலப்பட விஷயத்தை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எழுதுவதெல்லாம் உண்மையாக இருக்கும்போது அதில் கையெழுத்துப் போடுவது தவறா?
– வாசகி, ஆத்தூர் வட்டம்

பதில்: அந்தப் படிவத்தில் போடக் கூடாது. அந்த ஆலையில் வேலைக்கே போகக் கூடாதா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் உங்களுக்கும் வீட்டாருக்கும் பேச்சு நகராமல் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

உணவுப் பகுப்பாய்வு என் தொழில். அதனால் முதலில் அந்தப் படிவத்தைப் பார்ப்போம். அதைத் தயாரித்தவர் தொழில் தெரிந்தவர். மரவள்ளி மாவிலும் அயோடின் விட்டால் நீலமாகும், மக்காச்சோள மாவிலும் நீலமாகும். ஸ்டார்ச் (மாவுச்சத்து) இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லும் சோதனை அது. யாருடைய ஸ்டார்ச் என்று அதனிடம் கேட்க முடியாது. சாம்பலும், அதாவது மாவை எரித்தபின் மிஞ்சுவதன் அளவும், அப்படித்தான். ஜவ்வரிசியில் மொத்தச் சாம்பல் உலர் எடையில் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சுத்தமாகக் கழுவிய மக்காச்சோள மாவு அந்த வரம்புக்குள் சாதாரணமாகவே நின்றுகொள்ளும். ஈரப்பதம் களத்தில் காய்ந்த நேரத்தைச் சொல்லுமே தவிர வேறொன்றும் சொல்லாது. ஆக, கலப்படத்தைக் காட்டிக்கொடுக்காத சோதனைகளாகத் தேடிப் பொறுக்கி வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரியும் உண்மைதான். அந்த உண்மைகளை எல்லாம் தலைப்பில் உள்ள ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க நிறுத்தியிருக்கிறார்கள், உங்கள் பெயர் அதற்கு அடியில் வருகிறது.

காட்டிக்கொடுக்கும் சோதனை எது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சிட்டிகை ஈரமாவை ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். மரவள்ளியின் மாவு மணிகள் ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் கத்தியால் சீவி எடுத்தது போலத் தட்டையாக இருக்கும். மக்காச்சோள மணிகளுக்கு அந்த உருட்சி கிடையாது. விதைக்குள் ஒன்றை ஒன்று நெருக்கி வளர்ந்தவை என்பதால் பல கோணங்களோடு இருக்கும். வறுத்த ஜவ்வரிசியில் மேல் பகுதி வெந்து மணிகள் உருக்குலைந்து போயிருக்கும். முத்தை உடைத்து உள்மாவை எடுத்தால் அங்கேயும் தெரிந்துவிடும். பழகிய கண்ணுக்கு ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிட வேலைக்குப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். மக்காச்சோளம் விஷமில்லை, அவர் சொல்வது சரி. விஷமாக இருந்திருந்தால் நீங்கள் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகாத இடத்தில்தான் இந்த மாதிரிச் சங்கடம் வரும். ஏற்காட்டுக் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். காபித் தூளில் சிக்கரி கலக்கிறார்கள். சட்டமே அதை அனுமதிக்கிறது. காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும், அவ்வளவுதான். காபித் தூள் ஆலையில் வேலை செய்யும் வேதியியலாளர் யாரும் சிக்கரியை நினைத்துத் தூக்கம் கெடுவதில்லை. வாங்குகிறவருக்குத் தெரிந்து வாங்குகிறார். ஜவ்வரிசி என்றால் சவ்வரிசிப் பனையின் மாவிலோ மரவள்ளிக் கிழங்கின் மாவிலோ செய்ததாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. மக்காச்சோளத்துக்கு அந்தப் பெயருக்குள் இடமே இல்லை. உள்ளதைச் சொல்லி வேறு பெயரில் முதலாளி விற்கட்டும், அதற்கு உரிமம் கிடைத்தால் நானே சோதனை செய்து தருகிறேன்.

தெரியாமல் வாங்குகிறவர் யார் என்பதையும் யோசியுங்கள். சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பகுதியை நாம் சாப்பிடுவதில்லை. பாயசத்துக்கும் வடகத்துக்கும் நமக்கு எவ்வளவு வேண்டியிருக்கப்போகிறது? மூட்டை மூட்டையாக மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் போகிறது. அங்கே ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் விரதம் இருக்கிறவர்கள் தானியம் தொடக் கூடாது என்பதற்காகவே ஜவ்வரிசிக் கிச்சடி செய்து சாப்பிடுகிறார்கள். அந்தக் கிச்சடிக்குள் மக்காச்சோளம் போனால் அது தானியம். எனக்கு விரதத்தில் நம்பிக்கை கிடையாது, அது என் சொந்த விஷயம். நாள் முழுவதும் பட்டினி கிடந்து ஒரு வேளை சாப்பிடும் ஒரு கிழவியின் விரதத்தை, அவளுக்கே தெரியாமல், சேலத்தில் உட்கார்ந்துகொண்டு முறிக்கும் உரிமையை மட்டும் யாரும் எனக்குத் தரவில்லை.

உங்கள் வீட்டுக்கு வெளியே போகாமலே இன்னொரு கணக்கு இருக்கிறது. நீங்கள் அதைத் தொடாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது தொடப் பயந்திருக்கிறீர்கள். ஆலைக்குள் மக்காச்சோள மாவு எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுக்குக் கிழங்கின் தேவை குறைகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கிழங்கு விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் மக்காச்சோளக் கலப்படத்தைத் தடுக்கச் சொல்லி மனுக் கொடுத்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். பத்து மாதம் நிலத்தில் கிடந்த கிழங்கை உங்கள் அப்பா லாரியில் ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் நிற்கும்போது, மாதிரிக் கிழங்கைத் தண்ணீரில் அமுக்கி எடைபோட்டு, மாவுச்சத்தின் அளவான ‘பாயிண்ட்’ சொல்கிறவரின் முகத்தை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். அவருக்கு விலை குறைவதற்கான காரணங்களில் ஒன்றுக்கு, மகள் மாதாமாதம் ரசீது போட்டுக் கொடுக்கப்போகிறாள். 26,000 ரூபாயில் ஒரு பகுதி அவருடைய பணம்தான். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று சொல்வார்கள், இங்கே விற்பது அப்பாவின் கண்.

இதைச் சொல்லிவிட்டு, ஆலைத் தொழிலே கெட்ட தொழில் என்ற முடிவுக்கு நீங்கள் போய்விடக் கூடாது என்று கவலைப்படுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோன காலத்தில் இங்கே தொடங்கிய தொழில் இது. எத்தனையோ குடும்பங்கள் கிழங்கிலும் களத்திலும், மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியிலும் பிழைத்திருக்கின்றன. 1981-ல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கு கிடைக்காத மாதங்களில் கதவைச் சாத்திவிட்டு, கையில் இருக்கும் சரக்கை மட்டும் விற்றுக்கொண்டு நஷ்டத்தைத் தாங்குகிற ஆலைக்காரர்களையும் எனக்குத் தெரியும். கலக்கிறவன் மலிவாக விற்று முதலில் அடிப்பது அவர்களைத்தான்.

இப்போது அம்மா சொன்னது. நீங்கள் போகாவிட்டால் இன்னொருத்தி போவாள். போகத்தான் போகிறாள், இதை மறுத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். நீங்கள் மறுத்ததால் அந்த ஆலையில் ஒரு மூட்டைகூடக் குறையாது. அதைத் தடுப்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலை, அதற்கு அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டது ஆலையை நிறுத்துவது எப்படி என்று இல்லையே. உங்கள் கை என்ன செய்யலாம் என்றுதானே கேட்டீர்கள். அம்மாவின் வாதத்தை ஏற்றுக்கொண்டால் பிறகு எந்த வேலைக்கும் எல்லை வைக்க முடியாது. எதற்கும் இன்னொரு ஆள் கிடைக்கத்தான் செய்வார்.

அதே சமயம், எல்லாருக்கும் ஒரே எல்லைக்கோடு என்றும் நான் நினைக்கவில்லை. அந்த ஆலையில் மூட்டை தூக்குகிறவர் இருக்கிறார், லாரி ஓட்டுகிறவர் இருக்கிறார், சம்பளக் கணக்கு எழுதுகிறவர் இருக்கிறார். அவர்களைப் பார்த்து வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. வெள்ளையாக இருக்கும் இரண்டு மாவுக்கு வித்தியாசம் கண்ணால் தெரியாது. தெரிந்தாலும் அவர்களை யாரும் சாட்சி கேட்கவில்லை. 2003-ல் மதுச் சில்லறை விற்பனையை அரசு எடுத்துக்கொண்டபோது பட்டதாரிகள் பலர் டாஸ்மாக் கடைகளில் விற்பனையாளர்களாகச் சேர்ந்தார்கள். குடிப்பழக்கமே இல்லாதவர்கள், குடியால் அப்பாவை இழந்தவர்கள்கூட அதில் உண்டு. அது சரியான வேலையா என்று அவர்களையே அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், நான் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பாட்டில் மேலேயே எழுதியிருக்கிறது. அந்த விற்பனையாளரை யாரும் இது மோர் என்று சொல்லச் சொல்லவில்லை. உங்களுக்குத் தரப்போகும் வேலையே, இது இன்னதுதான் என்று சொல்வது. சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவர் சொல்லில் கலப்படம் செய்தால் அந்த வேலையில் மிச்சம் எதுவும் இல்லை.

உங்கள் படிப்பு முதலாளிக்கு எதற்கு என்றும் கேட்டுப் பாருங்கள். அயோடின் சொட்டு விடுவதற்கு முதுகலை எதற்கு? பிளஸ் டூ படித்த பையன் செய்துவிடுவான். உணவு உற்பத்தி உரிமத்தின் நிபந்தனைகளில், உற்பத்தியை மேற்பார்வையிட வேதியியல் போன்ற பாடத்தில் பட்டம் பெற்றவரோ உணவுத் தொழில்நுட்பம் படித்தவரோ ஒருவராவது வேண்டும் என்று இருக்கிறது. உரிமத்துக்கு உங்கள் சான்றிதழ் தேவை. உங்கள் கண் தேவைப்படவில்லை. இதை உறைக்கும்படி சொல்வதற்கு மன்னியுங்கள், ஆனால் பெரிய சம்பளம் எதற்கு என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

இதில் ஆபத்தும் உண்டு. சேர்ந்த முதல் வாரத்தில் பல காகிதங்களில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் ‘படிவம் 9’ என்று ஒன்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நிறுவனத்தின் சார்பில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் இன்னார் என்று நியமிக்கும் படிவம் அது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, அப்படி நியமிக்கப்பட்டவரைப் பொறுப்பாளியாக்குகிறது. எனக்குத் தெரியாமல் நடந்தது, நான் உரிய கவனத்தோடு இருந்தேன் என்று நிரூபித்தால் தப்பிக்க அதே பிரிவில் வழி இருக்கிறது. நுண்ணோக்கி தெரிந்த, நேர்காணலிலேயே விஷயம் சொல்லப்பட்ட உங்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. தரக்குறைவான பொருளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சரக்கு பிடிபடும் நாளில் முதலாளியும் மாமாவும் எங்கே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பெயர் மட்டும் உங்களுடையது.

எந்த நிலையில் நீங்கள் சேரலாம்? நானாக இருந்தால் மறுபடி ஒருமுறை போய்ப் பேசிப் பார்ப்பேன். முதலாளி மறைக்காமல் சொன்னார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. முழுக்க மோசமான ஆளாக இருந்தால் உங்களைச் சேர்த்துக்கொண்டு பிறகு மெல்லச் சொல்லியிருப்பார். அவரிடம் கேட்க வேண்டியது சிக்கலானது இல்லை. “நுண்ணோக்கிப் பரிசோதனைக்குப் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பார்த்ததை எழுதி நான் கையெழுத்திடுவேன், அதன் பிறகு சரக்கை அனுப்புவதும் நிறுத்துவதும் உங்கள் முடிவு, அனுப்பும் தாளில் உங்கள் கையெழுத்து. படிவம் 9-ல் என் பெயர் வரக் கூடாது.” இந்த மூன்றையும் நியமன ஆணையில் எழுதித் தரச் சம்மதித்தால் சேருங்கள். என் அறிக்கையைப் படித்துவிட்டும் அவர் கலந்து விற்றால் என்று கேட்பீர்கள். அப்போது ஆலைக்குள் அது கலப்படம் என்று கறுப்பு மையில் எழுதிய ஒரு தாள் இருக்கும். பதிவேட்டில் அப்படி ஒரு தாள் இருப்பதை விரும்பும் முதலாளி யாரும் இல்லை. அதனால் ஒன்று கலப்பது குறையும், இல்லையென்றால் உங்களை வெளியே அனுப்புவார்கள். இரண்டாவதுதான் நடக்க அதிகச் சாத்தியம் என்று நினைக்கிறேன். ஆகவே ரத்தப் பரிசோதனை நிலையத்து வேலையைப் பகைத்துக்கொண்டு வராதீர்கள். ஆலையில் சேர்ந்தால் முதல் சில மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தம்பியின் கட்டணத்துக்குக்கூட எடுக்காமல் தனியாகப் போட்டுவையுங்கள். முடியாது என்று சொல்வதற்குத் துணிச்சலோடு மூன்று மாத அரிசிக் காசும் வேண்டும்.

அவர் சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அப்போது 15,000 ரூபாய் வித்தியாசம் என்னாவது? அதை நான் லேசாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது, கடன் உங்கள் வீட்டில் இருக்கிறது, என் வீட்டில் இல்லை. ஒரு வழி சொல்கிறேன். உணவுப் பகுப்பாய்வாளர் தேர்வு என்று ஒன்றை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நடத்துகிறது. வேதியியல் முதுகலையோடு உணவுப் பகுப்பாய்வில் மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். ரத்தப் பரிசோதனை அந்த அனுபவத்தில் சேராது. உங்கள் இரண்டு ஆண்டுகள் வீணாகப் போயிருப்பது எனக்கு வருத்தம்தான். இன்றைக்கே, ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற தனியார் உணவுப் பரிசோதனைக் கூடங்களுக்கு விண்ணப்பம் போடுங்கள். பால் நிறுவனங்களின் ஆய்வகங்களையும் விட்டுவிடாதீர்கள். தொடக்கச் சம்பளம் 26,000 இருக்காது, 11,000-மும் இருக்காது. மூன்று ஆண்டு கழித்துத் தேர்வு எழுதித் தேறினால், உங்கள் கையெழுத்துக்குச் சட்டப்படியே ஒரு மதிப்பு வந்துவிடும். சேலத்திலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, மாவட்டத்தில் எடுக்கும் மாதிரிகள் அங்கேதான் போகின்றன. போலி அறிக்கை எழுதியவர் என்ற பேச்சு இந்தத் தொழிலில் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு அந்தக் கதவுகள் திறப்பது கடினம். எங்கள் வட்டம் சிறியது. யார் எந்த ஆலையில் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆலையைப் பற்றித் துறைக்குப் புகார் கொடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலையில் சேராத நிலையில், காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு அது உங்கள் கடமை என்று நான் சொல்ல மாட்டேன். மாமாவின் பெயரும் இதில் இழுபடும். கொடுக்க நினைத்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கொடுக்கலாம்.

அப்பாவிடம் சொல்லுங்கள், அதுவும் பதில் சொல்வதற்கு முன்பே. கடன் அவர் பெயரில் இருக்கிறது, கிழங்கும் அவருடையது. இந்த வீட்டில் இந்த விஷயத்தில் அதிகம் இழப்பவர் அவர், அவரைக் கேட்காமல் மற்ற மூன்று பேர் முடிவு செய்துகொண்டிருக்கிறீர்கள். போ என்று அவர் சொன்னாலும் படிவத்தைப் பற்றி நான் சொன்னது மாறாது. ஆனால் போ என்று சொல்வாரா என்பது எனக்குச் சந்தேகம்.

மாமாவிடம் பேசுவது அதைவிடக் கடினம். அவர் சிபாரிசு செய்தவர், மறுத்தால் முதலாளி முன் அவருக்கு முகம் போகும். அவரிடம் கலப்படம், பாவம், சட்டம் என்று தொடங்காதீர்கள். தன்னைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்வார். “மாமா, அந்த நியமனப் படிவத்தில் சரக்கு பிடிபட்டால் என்னைத்தான் பொறுப்பாக்குவார்கள், கல்யாணமாக வேண்டிய பெண், கோர்ட்டுக்கு அலைய முடியாது” என்று சொல்லுங்கள். இது சாக்கு இல்லை, நடக்கக்கூடியதுதான். முதலாளியிடமும் அவர் இதையே தயக்கமில்லாமல் சொல்லிக்கொள்ளலாம்.